பாடத் தெரியாமல் இசையியல் படிக்கலாமா?

அடுத்த கேள்வி. "இசையியல் பட்டப்படிப்பில் முதலாண்டு சேரப் போகிறேன். இசை கேட்பது உயிர், ஆனால் பாடவோ வாசிக்கவோ தெரியாது. மேற்கத்திய இசை வரலாறு என்று ஒரு பாடம் இருக்கிறது. அது முழுக்க ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்வதுதானா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

மனப்பாடத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பயத்தால் நல்ல மாணவர்கள் ஒதுங்கிப் போவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சில ஆண்டுகள் தெரிந்திருக்க வேண்டும், அது உண்மைதான். ஐரோப்பிய இசையில் பரோக் என்று அழைக்கப்படும் காலம் 1600 முதல் 1750 வரை என்று படிப்பீர்கள். 1750 ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் இறந்த ஆண்டு. ஆனால் அவருடைய மகன்கள் அதற்கு முன்பே வேறு பாணியில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பாக்கைவிட 4 வயது மூத்த இன்னொரு பரோக் இசையமைப்பாளர் டெலிமானோ 1767 வரை வாழ்ந்தார். கோடு நாம் போட்டது, நம் வசதிக்காக.

சரி, அப்படியென்றால் உண்மையில் என்ன படிப்போம்? ஒலி நிற்காது. 1877-ல் எடிசனின் ஃபோனோகிராஃப் வரும்வரை, வாசித்ததைத் திரும்பக் கேட்க வழியே இல்லை. நமக்கு மிஞ்சியிருப்பது காகிதம், பழைய வாத்தியங்கள், கேட்டவர்கள் எழுதி வைத்த குறிப்புகள். இவற்றை வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். பாக் 1723-ல் லைப்சிக் நகரில் தேவாலய இசைப் பொறுப்பை ஏற்றார். வழிபாட்டில் குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்து இசைக்கும் கான்டாட்டா என்ற வகையில், அவர் எழுதியவற்றில் ஏறத்தாழ 200 இன்றும் கிடைக்கின்றன. பலவற்றின் கையெழுத்துப் படிகளில் தேதி இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பாக்கின் வரலாற்றை எழுதிய பிலிப் ஸ்பிட்டா, அவற்றில் ஒரு பெரிய தொகுதியை 1730-களிலும் 40-களிலும் வைத்தார். அதனால், முதுமை வரை தேவாலயத்துக்காக விடாமல் எழுதிக்கொண்டே இருந்தவர் என்ற சித்திரம் உருவானது.

1950-களில் ஆல்ஃப்ரெட் டூர், கெயார்க் ஃபான் டாடெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அதே தாள்களைத் திரும்ப எடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி எது, படி எடுத்தவர்களின் கையெழுத்து யாருடையது, பாக்கின் எழுத்தே ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியது என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டார்கள். அந்தத் தொகுதியில் பெரும்பகுதி 1724, 1725-லேயே எழுதப்பட்டது என்று தெரிந்தது! கிட்டத்தட்ட வாரம் ஒன்று என்ற வேகத்தில் முதல் சில ஆண்டுகளில் எழுதிக் குவித்திருக்கிறார், பிறகு அந்த வேகம் குறைந்துவிட்டது. இத்தனைக்கும் ஸ்பிட்டாவும் நீர்க்குறிகளைப் பார்த்தவர்தான். முதலாண்டில் நீங்கள் பழக வேண்டியது இதுதான்: எந்தத் தகவலைப் படித்தாலும், இது எப்படித் தெரிந்தது என்று கேட்பது.

வரலாறு இந்தத் துறையின் ஒரு கிளை மட்டும்தான். 1885-லேயே கைடோ அட்லர் என்ற இசையியல் அறிஞர் இத்துறையை வரலாற்று இசையியல், இசையின் பொது விதிகளை ஆராயும் முறைசார் இசையியல் என்று இரண்டாகப் பிரித்தார். அப்புறம், வெவ்வேறு சமூகங்களின் இசையை அவர்கள் வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்கும் இன இசையியல் வளர்ந்தது. பாப், திரையிசை எல்லாமே இன்று ஆய்வுக்குரியவைதான்.

பாடத் தெரியாதது தடையே இல்லை. ஆனால் ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோடுகளில் சுரங்களைக் குறிக்கும் மேற்கத்திய முறை, வாசிக்கத் தெரியாமல் சமாளிக்க முடியாது, இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். தினமும் அரை மணி நேரம் ஒரு சாதாரண கீபோர்டு முன்னால் உட்காருங்கள். வேகமாக வாசிக்க வேண்டாம். தாளில் இருக்கும் புள்ளியும் காதில் விழும் சுரமும் ஒன்றாகத் தெரிந்தால் போதும்.

கூடவே, 5 நிமிடத்துக்குள் முடியும் ஒரு படைப்பை எடுத்து மூன்று முறை கேளுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை, எங்கே மாறுகிறது என்று நேரத்தைக் குறித்துக்கொண்டு. மூன்றாம் முறை இசைத்தாளைப் பார்த்துக்கொண்டு. பழைய படைப்புகளின் தாள்கள் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பிறகு பத்து வரி எழுதுங்கள். "சோகமாக இருக்கிறது" என்று நிறுத்தாமல், எந்த வாத்தியம், மேலே போகிறதா கீழே இறங்குகிறதா, தாளம் எங்கே தளர்கிறது என்று எழுதுங்கள். வகுப்பு தொடங்கும் நாளில் அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.