சினைநீருக்கும் ஒரு தேர்வு உண்டு
(கிருஷ்ணகிரியில் மீன் வளர்ப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். பெரும்பாலான மீன்களில் பெண் முட்டையைத் தண்ணீரில் இடும், ஆண் அதன்மேல் விந்தைப் பீய்ச்சும். பல ஆண்கள் ஒரே நேரத்தில் பீய்ச்சும்போது எது முந்துகிறதோ அதற்கே முட்டை என்பதுதான் பழைய கணக்கு. 1970-இல் உயிரியலாளர் ஜெஃப் பார்க்கர் பூச்சிகளைக் கொண்டு முன்வைத்த விந்தணுப் போட்டிக் கருத்தையும் பலர் ஆண்களின் பந்தயமாகவே படித்தார்கள். அந்தப் பந்தயத்தில் பெண்ணின் கையும் இருக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

தாய் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையைத் தட்டில் எடுப்பவர்கள், முட்டைகளைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு நீர் சேர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சினைநீர், அதாவது சினைப்பைத் திரவம். ஆற்று நீரில் விழும் சால்மன் மீனின் விந்தணு ஒரு நிமிடம்கூட நீந்துவதில்லை. அதற்குள் முட்டை உறையிலுள்ள ஒரே நுண்துளையை அது கண்டடைந்தாக வேண்டும். இத்திரவத்தில் அதன் ஆயுள் நீள்கிறது, பாதையும் நேராகிறது. அட்லாண்டிக் சால்மன், பழுப்பு டிரவுட் ஆகிய இரண்டையும் ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஒரு இனத்தின் விந்தைத் தனியாக விட்டபோது மற்ற இனத்தின் முட்டையும் எளிதாகக் கருவுற்றது. இரண்டையும் சேர்த்துப் போட்டிக்கு விட்டபோதோ முட்டைக்குரிய இனமே முந்தியது, அதற்குத் துணைநின்றது இத்திரவமே.

மத்தியதரைக் கடலில் பாசியால் கூடு கட்டி முட்டைகளைக் காக்கும் ஒருவகை மீனில் செய்தி இன்னும் சுவையானது. கூடு கட்டாத திருட்டு ஆண்கள் இடையில் புகுந்து எண்ணிக்கையில் மிகுதியான விந்தணுக்களைப் பீய்ச்சுகின்றன; கூட்டுக்காரனின் விந்தணுக்கள் குறைவென்றாலும் வேகமானவை. பெண்ணின் திரவம் எண்ணிக்கையின் பலனைக் குறைத்து வேகத்தின் பலனைக் கூட்டுவதால், உழைத்தவனுக்கே பங்கு கூடுகிறது என்று ஆய்வாளர் சூசான் அலோன்சோ குழுவினர் 2016-இல் காட்டினார்கள்.

கொசுப்புழு ஒழிக்க நம் தொட்டிகளிலும் கிணறுகளிலும் விடப்படும் கப்பி மீனில் கருவுறுதல் உடலுக்குள்ளேயே நடக்கிறது. அங்கும், உடன்பிறந்த ஆணின் விந்தணு பெண்ணின் திரவத்தில் மெதுவாகவே நீந்துகிறது என 2011-இல் கண்டறிந்தார்கள். சொந்தத்தில் பெண் எடுப்பதைப் பற்றி நம் பக்கத்தில் வாய் திறந்தால் வழக்காகிவிடும். கப்பி அதைப் பேச்சில்லாமல் முடித்துக்கொள்கிறது.

எல்லா மீனிலும் இதே அளவு விளைவு இருக்குமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பல ஆண்களின் விந்தை ஒரே கிண்ணத்தில் கலந்து முட்டையின்மேல் ஊற்றும் பழக்கம், எல்லா ஆண்களுக்கும் சம பங்கு தராது; ஓரிரு ஆண்களே பெரும்பாலான குஞ்சுகளுக்குத் தந்தையாகிவிடுவது சால்மன் பண்ணைகளில் பலமுறை கண்ட உண்மை. ஆகவே, தாய் மீன் இருப்பின் மரபுப் பன்மை தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கிவிடக் கூடாது என்று எண்ணுகிறவர்கள், முட்டைகளைப் பல தட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஆணின் விந்தைச் சேர்த்து இறகால் கலக்கி, கருவுற்ற பின்னரே அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும்.