பூ விழுந்த கண்ணும் ஒரு சொட்டுக் காரமும்

(அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்துவிட்ட தம்பி தங்கைகளே, வணக்கம்.

கண் மருத்துவத்தில் புதுசாக என்னவெல்லாம் வந்திருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. கண் ஆஸ்பத்திரி லேப்பில் முப்பது வருசத்துக்குப் பக்கத்தில் ஸ்லைடு பார்த்தவன். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு நோயைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மற்றவற்றைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறேன். விழித்திரைப் படத்தைப் பார்த்து, சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டதா என்று கம்ப்யூட்டரே சொல்லும் முறைக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பரம்பரையாக வரும் ஒருவகைப் பார்வை இழப்புக்கு 2017இல் மரபணு சிகிச்சை வந்தது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து எட்டரை லட்சம் டாலர். அதை ரூபாயாக மாற்றிப் பார்த்து யாரும் மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். என் பேச்சு, பிசானத்து அறுப்பில் கண்ணில் நெல் அடிப்பதைப் பற்றியது.

நம் ஊரில் “கண்ணில் பூ விழுந்துவிட்டது” என்பார்கள். கருவிழியில் வெள்ளையாக ஒரு தழும்பு. அது வானத்திலிருந்து விழுந்த பூ இல்லை, ஆறிப்போன புண். கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் கனம்தான். களத்தில் பொலி தூற்றும்போது ஒரு பதரோ, வாழைத்தாரில் காய்ந்த பூவோ, பனைமட்டைக் கருக்கோ அதில் கீறினால், மண்ணில் கிடக்கும் பூஞ்சை அந்தக் கீறல் வழியாக உள்ளே போய்விடும். ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் என்று இரண்டு பேர். இரண்டும் நம் வயக்காட்டுப் பிரஜைகள்.

எவ்வளவு பேருக்கு வருகிறது? 1993இல் மதுரை மாவட்டத்தில் கணக்கெடுத்தார்கள். லட்சம் பேரில் வருசத்துக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்கக் கணக்கைப்போல் பத்து மடங்கு. நம் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையிலேயே 1999 முதல் 2002 வரை மூன்று வருசம் வந்த 3,183 கருவிழிப் புண்களைச் சோதித்தார்கள். 1,095 பேருக்குக் காரணம் பூஞ்சை. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் கண்ணில் ஏதோ பட்டுக் காயமானவர்கள். ஆனி ஆடியில் மேல்காற்று புழுதியை வாரி அடிக்கும் ஊர் நம்முடையது. கார் அறுப்பு, பிசானத்து அறுப்பு என்று வருசத்தில் இரண்டு தடவை களத்தில் நிற்கிற ஊரும்கூட. இந்தக் கணக்கில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, இப்போது என் மேசைக்கு வாருங்கள்.

டாக்டர் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தையும் அடியையும் மெல்லச் சுரண்டுவார். வருவது கடுகளவுகூட இருக்காது. அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விடுவேன். சுத்தமான காரம். சதையைக் கரைக்கும், பூஞ்சையின் கனத்த சுவரை அவ்வளவு சீக்கிரம் கரைக்காது. மேலே மெல்லிய மூடி. கொஞ்ச நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மற்றதெல்லாம் மங்கிப்போயிருக்க, கணுக்கணுவாகக் கிளை விட்ட நூல் மட்டும் தெரியும். மூங்கில் குருத்தைக் குட்டியாக்கியதுபோல. பூஞ்சையை வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல நாள்கணக்கில் ஆகும். காரத்துக்குச் சில நிமிசம் போதும். நான் சொன்ன நெல்லை ஆய்வில் பூஞ்சை இருந்த ஸ்லைடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை இந்த ஒரு சொட்டே பிடித்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் “பூஞ்சை இருக்கிறது” என்று எழுதி அனுப்பினேன். பெரிய டாக்டர் தானே வந்து குனிந்து பார்த்தார். “தம்பி, இதுக்குக் கணு எங்கே?” என்றார். பஞ்சு நூல்! கண்ணைத் துடைத்த பஞ்சிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அன்றைக்கு அந்த நோயாளிக்குப் பூஞ்சை மருந்து தொடங்காமல் போனது, என் அதிர்ஷ்டமா அவர் அதிர்ஷ்டமா தெரியவில்லை.

டாக்டர்கள் பார்த்தாலே சொல்லிவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். 2012இல் வெளிவந்த ஒரு ஆய்வில், கருவிழி நிபுணர்களிடம் புண்ணின் படங்களை மட்டும் கொடுத்து, பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்டார்கள். மூன்றுக்கு இரண்டுதான் சரி. இப்போது மதுரைப் படங்களை வைத்துப் பழக்கிய கம்ப்யூட்டர், இந்த வேலையில் நிபுணர்களைவிடக் கொஞ்சம் முந்துகிறது. சுரண்டிப் பார்க்க வசதி இல்லாத ஊரில் செல்போன் படமே வழிகாட்டுமானால் நல்லதுதான். ஆனால் அது என் மேசையைக் காலி பண்ணும் காலம் இன்னும் வரவில்லை.

அடுத்து மருந்து. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல ஆசை.

நேட்டாமைசின் என்று ஒரு பழைய மருந்து. 1950களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. பாலாடைக்கட்டியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மேலே பூசுவதும் இதைத்தான். சொட்டு விட்டால் கண்ணெல்லாம் வெள்ளைப் படலமாக ஒட்டும், நோயாளிகளுக்குப் பிடிக்காது. பிறகு வோரிகொனசோல் வந்தது. தண்ணீர்போலத் தெளிவு, உள்ளே நன்றாக ஊடுருவும், விலையும் அதிகம். பெரிய பெரிய டாக்டர்களே புதுசுதான் மேல் என்று சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

2010இல் அரவிந்த் மருத்துவமனைகளும் சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து இரண்டையும் மோதவிட்டன. ஸ்லைடில் பூஞ்சை தெரிந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள் (என்னைப்போல் ஆள்களுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை). யாருக்கு எந்த மருந்து என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. கடைசியில் பார்வையை அளப்பவருக்கு அது தெரியாது. முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. 323 பேர் சேர்ந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். காரணம், வோரிகொனசோல் பக்கம் கருவிழி ஓட்டையானதோ, அவசரமாக மாற்றுக் கருவிழி வைக்க வேண்டி வந்ததோ 34 பேருக்கு. நேட்டாமைசின் பக்கம் 18. ஃபியூசேரியம் பிடித்தவர்களில் பழைய மருந்து போட்டவர்கள் மூன்று மாதம் கழித்துப் பார்வைப் பலகையில் சராசரியாக நான்கு வரி அதிகம் படித்தார்கள். நான்கு வரி என்றால் பஸ் போர்டைப் படிப்பதற்கும் பஸ்ஸை மட்டும் பார்ப்பதற்கும் உள்ள தூரம்.

2013இல் இது வெளிவந்தது. அதோடு விடவில்லை. வோரிகொனசோலை மாத்திரையாகவும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், 240 பேரிடம் பலன் தெரியவில்லை. வைட்டமின் சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி பாய்ச்சினார்கள், உதவவில்லை, பார்வை கொஞ்சம் குறைந்ததும் உண்டு. நேபாளத்தில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிச் சொட்டை எதிரே நிறுத்தினார்கள், அங்கேயும் நேட்டாமைசினே ஜெயித்தது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அந்த 323 பேரில் பலர் வயக்காட்டில் வேலை பார்த்தவர்கள்தான். உலகம் முழுக்க டாக்டர்கள் இன்றைக்கு எந்தச் சொட்டை முதலில் எழுதுவது என்பது அவர்கள் கண்ணில் தீர்மானமானது.

இன்னொரு விசயம், கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். கண் சிவந்ததும் மெடிக்கலில் போய் “ஒரு சொட்டு மருந்து கொடுங்க” என்று வாங்குகிறோம். அதில் ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) இருந்தால் முதல் நாள் சிவப்பு குறையும், வலி குறையும், நமக்குச் சந்தோசம். உள்ளே பூஞ்சைக்கு அதைவிடச் சந்தோசம். பாக்டீரியாப் புண்ணுக்கு ஸ்டீராய்டு உதவுமா என்று 500 பேரிடம் சோதித்தார்கள், நம் திருநெல்வேலியும் அதில் ஒரு மையம். 2012இல் முடிவு: மொத்தத்தில் வித்தியாசமில்லை, ரொம்ப மோசமான புண்களில் மட்டும் கொஞ்சம் பலன். அதுவும் கிருமி எதுவென்று தெரிந்து, இரண்டு நாள் கிருமிக்கொல்லி போட்ட பிறகு. மெடிக்கலில் யார் ஸ்லைடு பார்க்கிறார்கள்? தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விளக்கெண்ணெயும் இதே கணக்குத்தான். ஒரு ஆச்சி, பேரன் கண்ணுக்கு இலையைக் கசக்கிப் பிழிந்துவிட்டு ஒன்பதாம் நாள் கூட்டிக்கொண்டு வந்தாள். “பச்சிலை ஒண்ணும் செய்யாதுய்யா” என்றாள். இலைத் துணுக்கு ஸ்லைடிலேயே கிடந்தது.

கீறல் பட்ட உடனே வந்தால் என்ன ஆகும்? நேபாளத்தில் பக்தபூரில் ஊர் ஊராக ஆள் வைத்து, கீறல் பட்டவர்களுக்குக் குளோராம்ஃபெனிகால் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பு மூன்று நாள் போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் ஒருவருக்கும் புண் ஆகவில்லை. அருமை என்று நினைத்தோம். அப்புறம் இதையே பெரிய அளவில், களிம்பு ஏற்பாடு உள்ள ஊர், இல்லாத ஊர் என்று பிரித்துச் செய்து 2022இல் சொன்னார்கள்: புண் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. கீறல் பட்டவர்கள் எல்லோரும் தேடி வருவார்கள் என்று எந்த ஊரில் நம்ப முடியும்? அறுப்பு நாளில் நீங்கள் போவீர்களா? அந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

போதும், நேரமாகிவிட்டது. அந்த மேசையில் பழைய மைக்ராஸ்கோப் ஒன்று வைத்திருக்கிறேன், பக்கத்தில் இரண்டு ஸ்லைடு. ஒன்றில் பூஞ்சை, ஒன்றில் பஞ்சு. எது எது என்று எழுதவில்லை. சின்னப் பிள்ளைகளை முதலில் விடுங்கள். கணு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லுங்கள்.