கேமராவை விட்டுக் கையை எடுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கார்த்திகை தீபத்தன்று வாசலில் அகல் விளக்குகளை வரிசையாக ஏற்றி வைத்து, அதைப் படம் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்த வரிசை படத்தில் கலங்கிப்போய் இருக்கும். ஒவ்வொரு சுடருக்கும் ஒரு சின்ன வால் முளைத்திருக்கும். கேமரா சரியில்லை என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலும் கேமரா மேல் குறை இருக்காது. வெளிச்சம் போதவில்லை என்பதால் அது ஷட்டரை, அதாவது ஒளியை உள்ளே விடுகிற கதவை, கால் நொடியோ அரை நொடியோ திறந்து வைத்திருக்கிறது. அதற்குள் நம் கை அசைந்துவிட்டது. சரி, ஸ்டாண்டில் பொருத்தி எடுப்போம் என்றாலும் அந்த வால் முழுசாகப் போகாது. பட்டனை அமுக்குவது நம் விரல்தானே! அமுக்குகிற அந்தக் கணத்தில் கேமரா லேசாகத் தலையைக் குனிந்து நிமிர்கிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது, படத்துக்குத் தெரியும்.

அந்த விரலைக் கேமராவிலிருந்து விலக்கி வைக்கிற ஒரு சின்னப் பொருளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். வயர்லெஸ் ரிமோட். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். பல வருடமாகப் படம் எடுக்கிறேன். லென்ஸ் ஒன்று குறைந்தாலும் சமாளித்துக்கொள்வேன், ரிமோட் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டேன்.

விரலை விலக்க வேண்டும் என்ற யோசனை ரொம்பப் பழையது. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் பெரிய மரப்பெட்டிக் கேமரா இருக்கும். படம் எடுப்பவர் பக்கத்தில் நின்றுகொண்டு கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்திருப்பார். அதைப் பிசைந்தால் உள்ளே இருக்கிற காற்று ஒரு குழாய் வழியாகப் போய் ஷட்டரைத் திறக்கும். பிசைந்து பிடித்திருக்கும் வரை திறந்திருக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். அந்த ரப்பர் பந்துக்கு ஆங்கிலத்தில் பல்ப் என்று பெயர். இன்றைய டிஜிட்டல் கேமராவிலும் 'பி' என்றோ 'பல்ப்' என்றோ ஓர் அமைப்பு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதை விளக்கு பல்ப் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அந்த ரப்பர் பந்தின் பெயர்தான் நூறு வருடத்துக்கும் மேலாக நம்மோடு வந்துகொண்டிருக்கிறது. பிறகு ஃபிலிம் காலத்தில் கேபிள் ரிலீஸ் வந்தது. சைக்கிள் பிரேக் வயர் மாதிரி ஒன்று. ஷட்டர் பட்டனின் நடுவில் இருக்கும் மரையில் திருகி, மறுமுனையைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். இன்றைக்கு அந்த வயரும் போய்விட்டது.

வயர் இல்லாத ரிமோட்டில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். வாங்கும்போது ஏமாறுகிற இடம் இதுதான்.

ஒன்று, உங்கள் வீட்டு டிவி ரிமோட் வேலை செய்கிற அதே முறை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. டிவி ரிமோட்டை உங்கள் செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அமுக்கிப் பாருங்கள். நிறைய போன்களில் ரிமோட்டின் முனையில் ஊதா நிறத்தில் ஒரு மினுக்கல் தெரியும். அதுதான் அந்த ஒளி. ஒளி என்பதால் அதற்கு நேர்ப்பார்வை வேண்டும். டிவிக்கு முன்னால் யாராவது வந்து நின்றால் சேனல் மாறாது இல்லையா, அதே கதைதான் இங்கேயும். தூரமும் அதிகம் போகாது, 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் இன்னும் குறையும். விலை மலிவு.

இன்னொன்று ரேடியோ அலை. நீங்கள் இப்போது என் குரலைக் கேட்பதும் ரேடியோ அலையில்தான், சுவரைத் தாண்டித்தான் வருகிறது. இந்த ரிமோட்டுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. வீட்டு வைஃபையும் அதே வரிசைதான். இலை, ஜன்னல், சுவர் எதுவும் பெரிதாகத் தடுக்காது. திறந்த வெளியில் 100 மீட்டர் வரைக்கும் கேட்கக்கூடியவை இருக்கின்றன. ஆனால் இதில் இரண்டு துண்டு உண்டு. ஒன்று நம் கையில், இன்னொன்று கேமரா தலையில், ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தில். அங்கிருந்து ஒரு குட்டி வயர் கேமராவின் பக்கவாட்டு ஓட்டைக்குள் போகும். அந்த ஓட்டை கேமராவுக்குக் கேமரா மாறும். கடைக்குப் போகும்போது கேமராவைக் கையோடு எடுத்துப் போங்கள், மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள்.

புளூடூத் ரிமோட்டும் இருக்கிறது, போன் ஆப்பும் இருக்கிறது. போனில் படமே தெரியும், அது ஒரு வசதி. ஆனால் தொட்டதற்கும் எடுப்பதற்கும் நடுவில் ஒரு தயக்கம் இருக்கும். ஓடுகிற, பறக்கிற விஷயத்துக்கு அது ஆகாது.

இப்போது எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வாருங்கள்.

திருநெல்வேலிப் பக்கம், மாமரமும் சப்போட்டாவும் நிற்கிற கொல்லை. ஐப்பசி பிறந்தால் ஆறுமணிக்குருவி வந்துவிடும். கேள்விப்பட்டிருப்பீர்கள். காலையில் ஆறு மணி வாக்கில், சாயங்காலம் ஆறு மணி வாக்கில் இரண்டு ஸ்வரத்தில் ஒரு சீட்டி அடிக்கும், அதனால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே நம்மிடம் வருகிற பறவை. இரவில் பறந்து வரும். முதுகு பச்சை, இறக்கையில் ஒரு நீலம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை. இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு சருகுக்குள் ஒளிந்து திரியும். சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தின்னும். கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் அம்மா வைத்திருந்த மண் சட்டிக்குச் சாயங்காலம் தண்ணீர் குடிக்க வரும். "அந்தக் குருவி வந்துட்டு, பாத்தியா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். நான் கேமராவோடு பின்வாசல் கதவைத் திறப்பேன். கீல் சத்தத்துக்கே அது போய்விடும்.

ஒரு வருடம் முழுக்க இப்படியே போனது. அடுத்த ஐப்பசியில் யோசனையை மாற்றினேன். நான் போனால்தானே அது ஓடுகிறது, கேமரா மட்டும் அங்கே இருக்கட்டும். சட்டியிலிருந்து ஐந்தடி தள்ளி இரண்டு செங்கல், அதன்மேல் கேமரா, மேலே ஒரு பழைய காவித் துண்டு. நான் அடுப்படி ஜன்னலில், முப்பது அடி தள்ளி, அகச்சிவப்பு ரிமோட்டோடு. குருவி வந்தது, குளித்தது, நான் அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினேன். ஒன்றும் இல்லை. அது சாவகாசமாகச் சிறகை உதறிவிட்டுப் போயிற்று. அப்புறம்தான் புரிந்தது. என் கேமராவில் ரிமோட்டின் ஒளியைப் பார்க்கிற கண் முன்பக்கம், கைப்பிடியில் இருக்கிறது. நானோ கேமராவுக்குப் பின்னால் இருக்கிறேன். தூரமும் இரண்டு மடங்கு. அது எப்படிக் கேட்கும்?

ரேடியோ ரிமோட் வாங்கினேன். மறுநாள் அமுக்கினேன், மறுபடியும் படம் விழவில்லை! இந்தத் தடவை காரணம் வேறு. ரிமோட்டில் அமுக்கினாலும் கேமரா முதலில் ஃபோகஸ் தேடும். மங்கிய வெளிச்சத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிப் பார்க்கும், பிடிபடவில்லை என்றால் ஷட்டரைத் திறக்காது. எனவே இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்: முதலில் ஃபோகஸ், அப்புறம் லென்ஸின் பொத்தானை 'எம்' பக்கம், அதாவது கேமரா தானாக ஃபோகஸ் தேடாத மேனுவல் பக்கம், தள்ளுங்கள். நான் சட்டியின் விளிம்பில், குருவி உட்காருகிற இடத்தில், ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்து ஃபோகஸ் செய்தேன். பிறகு 'எம்'. பிறகு சிரட்டையை எடுத்துவிட்டேன். இனி கேமராவுக்குத் தேடுகிற வேலை கிடையாது. முதலில் ஃபோகஸ், அப்புறம் 'எம்'. ரிமோட் வாங்கிய முதல் வாரத்தில் "இது ஓடவில்லை" என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதுதான் கோளாறு.

அப்புறம் சத்தம். டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி மேலே எகிறி இறங்கும், அதுதான் அந்த 'சடக்'. அதற்குப் பறவை மிரளும். ஒரு வாரம் கேமராவுக்குப் பதிலாக அதே இடத்தில், அதே துண்டைப் போர்த்தி, ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்தேன். மைனாவும் தையல்சிட்டும் அதன்மேலேயே உட்கார ஆரம்பித்த பிறகுதான் கேமராவை வைத்தேன். சத்தம் குறைக்கிற அமைப்பையும் போட்டேன்.

எல்லாம் தயார். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வேலையிலிருந்து வந்து சேரவேண்டுமே! ரிமோட்டை அம்மாவிடம் கொடுத்தேன். "நீயே அமுக்கும்மா." ஜன்னலோரம் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, மடியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, நான்கு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் நான் வந்தபோது கேமராவில் ஏழு படம் இருந்தது. ஆறில் ஒன்றுமில்லை. ஒன்றில் ஆறுமணிக்குருவி தலையை உயர்த்தித் தண்ணீரை விழுங்குகிறது, அலகின் நுனியில் ஒரு சொட்டு தொங்குகிறது, அந்தச் சொட்டுக்குள் கொல்லை தலைகீழாகத் தெரிகிறது. ஷட்டர் வேகம் முப்பதில் ஒரு நொடி. கையில் பிடித்திருந்தால் அந்தச் சொட்டு கோடாகியிருக்கும். அந்தப் படத்தை எடுத்தது அம்மாதான். அந்தக் குருவி எப்போது தலையைத் தூக்கும் என்பது பல வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்த அவளுக்குத்தான் தெரியும். யாருக்குப் பார்க்கத் தெரியுமோ அவர் கையில் பட்டனைக் கொடுக்க முடிகிறதே, அதற்காகவே எனக்கு இந்தப் பொருள் மேல் இவ்வளவு பிரியம்.

ஒன்று மட்டும். இதைக் கேட்டுவிட்டுக் கூட்டுக்குப் பக்கத்தில் கேமராவை வைக்காதீர்கள். தாய்ப்பறவை கூட்டைக் கைவிடும், காகத்துக்கும் பூனைக்கும் இடம் தெரிந்துபோகும். தண்ணீர்ச் சட்டி போதும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

விலங்கே தன்னைப் படம் எடுத்துக்கொள்ள வைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் காட்டில் நூல் கட்டி, மான் அதைத் தட்டினால் ஃபிளாஷ் எரிந்து ஷட்டர் திறக்கும்படி செய்தார். அவருடைய இரவுப் படங்கள் 1906-இல் நேஷனல் ஜியோகிராஃபிக் பத்திரிகையில் வந்தன. 1920-களில் நம் நாட்டு வனத்துறையில் இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் அதே வழியில் புலிகளை எடுத்தார். மனிதன் இல்லாத நேரத்தில் புலி எப்படி நடக்கும் என்பது அந்தப் படங்களில்…

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரவு வானத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

நட்சத்திரங்கள் வானத்தில் மணிக்கு 15 பாகை சுற்றுவது போலத் தெரியும், பூமி சுற்றுவதால். துருவ நட்சத்திரம் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். சென்னையில் அது வடக்கே 13 பாகை உயரத்தில் இருக்கும், கன்னியாகுமரியில் 8 பாகைதான். கையை நீட்டி மடக்கிய முஷ்டி 10 பாகை, அளந்து பாருங்கள். மொட்டை மாடியிலோ வயல்வெளியிலோ, நிலா இல்லாத இரவில், கேமராவை ஸ்டாண்டில் வடக்கு நோக்கி வையுங்கள். ஒரு நட்சத்திரத்தில் ஃபோகஸ், அப்புறம் 'எம்'. இங்கேயும் அதேதான். ஷட்டரை 30 நொடியில் வைத்து, தொடர்ந்து எடுக்கிற அமைப்பைப் போட்டு, ரிமோட் பட்டனை அமுக்கி முன்னால் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் அதுபாட்டுக்கு எடுக்கும். பிறகு எல்லாப் படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வட்ட வட்டமான கோடுகள் கிடைக்கும். ஸ்டாண்டில் வைக்கும்போது லென்ஸில் அதிர்வு தடுக்கிற பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். டிஎஸ்எல்ஆராக இருந்தால் பின்னால் கண் வைக்கிற துவாரத்தை மூடுங்கள், அதன் வழியாகவும் வெளிச்சம் நுழையும். கேமரா தலையில் இருக்கிற ரிசீவரை வேலை முடிந்ததும் மறக்காமல் ஆஃப் செய்யுங்கள், ராத்திரி முழுக்க எரிந்தால் காலையில் பேட்டரி இருக்காது.

குடும்பப் படத்துக்கு ரிமோட்டில் 2 நொடி தாமதம் வைத்தால், அமுக்கிய கையைக் கீழே இறக்க நேரம் கிடைக்கும். வரும் கார்த்திகைக்கு அகல் வரிசையை எடுத்துப் பாருங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.