பெட்டி சொல்வது ஒன்று, படம் சொல்வது ஒன்று

வணக்கம். போன வீடியோவின் கடைசியில் உள்ளங்கையளவு இருக்கும் இந்தப் பெட்டியைக் காட்டி, உள்ளே இருக்கும் ஒரு பெண்மணியின் புகைப்படம் 1840களின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று அடித்துச் சொன்னேன். தப்பு. நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

காரணம் படத்தைச் சுற்றியிருக்கும் இந்தப் பித்தளைச் சட்டம். தடிமனான தகடு, எட்டுக்கோணத் திறப்பு, பூவேலை எதுவும் இல்லை. கண்ணாடியையும் சட்டத்தையும் சேர்த்து மடித்துப் பிடிக்கும் மெல்லிய பித்தளை விளிம்பு 1840களின் பிற்பாதியில்தான் பரவியது. இதில் அதுவும் இல்லை. போதாதா என்று நினைத்துவிட்டேன்.

இப்போது அந்தப் பெண்மணியின் கையைப் பாருங்கள், கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். உடையின் கை முழங்கைக்குக் கீழே மணி போல விரிகிறது, உள்ளே வெள்ளைத் துணியில் இன்னொரு கை எட்டிப் பார்க்கிறது. 1840களில் கை உடம்போடு ஒட்டித் தைத்ததுபோல் இறுக்கமாக இருக்கும். இந்த மணிக்கை 1850களின் மோஸ்தர். நடுவகிடு எடுத்த முடியும் காதுமேல் படியாமல் உப்பி நிற்கிறது. வயதானவராக இருந்தால் முடியை நம்பமாட்டேன். பலர் இளமைக் காலத்துச் சிகையலங்காரத்தைக் கடைசிவரை விடுவதில்லை. இவருக்கு இருபதுக்கு மேல் இருக்காது.

பெட்டியைச் சாய்க்கிறேன். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த டாகரோடைப் என்றால் படம் நெகட்டிவ் போலப் புரண்டு மறையும். இது அசையவே இல்லை. காந்தமும் ஒட்டவில்லை, ஆகவே இரும்புத் தகட்டில் எடுத்த டின்டைப்பும் இல்லை. மிஞ்சுவது கண்ணாடியில் எடுத்த ஆம்ப்ரோடைப். அமெரிக்காவில் கட்டிங் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கியதே 1854இல்தான்! உடையோடு சேர்த்துப் பார்த்தால் 1850களின் பிற்பாதி.

அப்படியானால் பழைய பெட்டியில் யாரோ பிந்தைய படத்தை வைத்திருக்கிறார்கள். உடைந்த பெட்டியை மாற்றியிருக்கலாம், விலையேற்றவும் செய்திருக்கலாம். நான் பெட்டிக்குத்தான் பணம் கொடுத்தேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, நேற்று மூடியின் உள்பக்க வெல்வெட்டை விளக்கடியில் பார்த்தேன். எதிரே இருந்த சட்டம் பல ஆண்டுகள் அழுத்திய தடம் தெரிகிறது. அது நீள்வட்டம். எட்டுக்கோணச் சட்டமும் இந்தப் பெட்டியுடையது இல்லை.