பத்துக்குப் பத்து: கொலம்பஸுக்குப் பயப்படாத ஒரு இண்டியானா ரசிகன்

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் தெரிகிறதே, அதுதான் ப்ளூமிங்டன் மெமோரியல் ஸ்டேடியம். இந்தச் சனிக்கிழமை இங்கே ஆட்டம் கிடையாது, எங்கள் இண்டியானா அணிக்கு ஓய்வு வாரம். அடுத்த சனிக்கிழமை, 2024 நவம்பர் 23, கொலம்பஸ் நகரில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியோடு மோதுகிறோம். இதுவரை ஆடியது பத்து ஆட்டம். பத்திலும் ஜெயித்திருக்கிறோம்.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு: இது அமெரிக்கன் ஃபுட்பால். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். டச்டவுனுக்கு ஆறு புள்ளி, உதைத்து எடுக்கும் ஃபீல்ட் கோலுக்கு மூன்று. இவ்வளவு போதும், மீதி பார்க்கப் பார்க்கப் பிடிபடும்.

இண்டியானா பல்கலைக்கழகம் என்றால் எல்லோருக்கும் கூடைப்பந்துதான் ஞாபகம் வரும். அதில் ஐந்து தேசியப் பட்டம் எங்களிடம் இருக்கிறது. ஃபுட்பால் கதையே வேறு. முதல் பிரிவில் ஆடும் கல்லூரிகளிலேயே அதிகத் தோல்வி கண்ட அணி எங்களுடையது. நாங்கள் ஆடுகிற பிக் டென் என்கிற கல்லூரிக் கூட்டமைப்பின் (கான்ஃபரன்ஸ்) பட்டத்தைக் கடைசியாகத் தொட்டது 1967-இல், அதுவும் பங்கு போட்டுக்கொண்டதுதான். ஒரே சீசனில் பத்து வெற்றி என்பது இந்த அணியின் வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை. 1945-இல் தோல்வியே காணாத அணிகூட ஒன்பதோடு நின்றது. 2021, 22, 23 மூன்று வருடத்தையும் கூட்டினாலும் ஒன்பது வெற்றிதான் தேறும்.

சரி, "2020-லும் இப்படித்தான் குதித்தீர்கள், அடுத்த வருடமே 2-10 (இரண்டு வெற்றி, பத்து தோல்வி) என்று விழுந்தீர்கள்" என்று என் நண்பர்களே கிண்டல் செய்கிறார்கள். நியாயம்தான். ஆனால் 2020 கொரோனா வருடம், ஆடியதே எட்டு ஆட்டம். பென் ஸ்டேட்டை கூடுதல் நேரத்தில் ஒரே புள்ளியில் வென்றோம். அந்த மாதிரி மயிரிழை வெற்றியை நம்பி அடுத்த வருடத்துக்குக் கோட்டை கட்டக் கூடாது. இந்தத் தடவை முதல் ஒன்பது வெற்றியில் ஒன்றுகூட 14 புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தில் வரவில்லை. நெப்ராஸ்காவை 56-7 என்று அடித்தோம். மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆடும்போதுதான் இந்த சீசனில் முதன்முறையாகப் பின்தங்கினோம், 10-0. அதற்கப்புறம் அவர்களை ஒரு புள்ளிகூட எடுக்க விடாமல் 47 புள்ளி அடித்தோம். இதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் தலைமைப் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி. 63 வயது. அலபாமா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அந்தப் பெரிய இடத்தை விட்டுவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் பென்சில்வேனியாவில் ஒரு இரண்டாம் பிரிவுக் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அவர் அப்பாவும் அங்கேதான் பயிற்சியாளராக இருந்தார். அங்கிருந்து ஈலான் பல்கலைக்கழகம், அப்புறம் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம். ஜேம்ஸ் மேடிசனில் மட்டும் 52 வெற்றி, 9 தோல்வி. போன டிசம்பரில், இங்கே வந்த புதிதில் நிருபர்கள் கேட்டபோது, நான் ஜெயிப்பேன், வேண்டுமானால் கூகுள் செய்து பாருங்கள் என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் தேடிப் பார்த்தேன். மனுஷன் பொய் சொல்லவில்லை.

வரும்போது தனியாக வரவில்லை. ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பதின்மூன்று பேர் கூடவே வந்தார்கள். எய்டன் ஃபிஷர், மிகைல் கமாரா, இலைஜா சராட், டிஆஞ்சலோ பாண்ட்ஸ் எல்லாம் அந்தக் கூட்டம்தான். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு வீரர்கள் கல்லூரி மாறுவது சுலபமாகிவிட்டது. ஆனால் பல அணிகள் பள்ளியில் நட்சத்திரமாக இருந்த பெயர்களைத் துரத்துகின்றன. இவர் கல்லூரி ஆட்டத்தில் ஏற்கெனவே செய்து காட்டியவர்களை எடுத்தார். எங்கள் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர், கர்டிஸ் ரோர்க்கும் அப்படித்தான். கனடாக்காரர், ஒஹாயோ யுனிவர்சிட்டியில் வருடக்கணக்கில் ஆடிப் பழகியவர். நெப்ராஸ்கா ஆட்டத்தில் கட்டைவிரலில் அடிபட்டு, அடுத்த வாரம் வாஷிங்டனோடு ஆட முடியவில்லை. டேவன் ஜாக்சன் இறங்கினார். ஆட்டம் சூடுபிடிப்பதற்குள்ளேயே பாண்ட்ஸ் எதிராளி எறிந்த பந்தைப் பறித்து நேராக டச்டவுனுக்கே ஓடிவிட்டார். 31-17. முக்கியமான ஆள் இல்லாமலும் இந்த அணி ஜெயிக்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

இருங்கள், காற்று மைக்கில் அடிக்கிறது. இந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

அதோ அந்தப் புல்வெளி தெரிகிறதா? ஆட்ட நாளில் டெயில்கேட் நடக்கிற இடம். அடுப்பு, கறி, பீர், பாட்டு என்று காலையிலேயே களைகட்டிவிடும். முன்பெல்லாம் மாணவர்களில் பாதிப் பேர் உள்ளேயே வரமாட்டார்கள். வந்தவர்களும் இடைவேளையில் கிளம்பிப் போய்விடுவார்கள். போன சனிக்கிழமை மிச்சிகன் ஆட்டத்தில் (மிச்சிகன் ஸ்டேட் வேறு, இது வேறு) யாரும் அசையவில்லை. நடப்பு தேசிய சாம்பியன் அவர்கள், இந்த வருடம் தடுமாறினாலும் பெயர் பெயர்தானே. முதல் பாதியில் 17-3 என்று நிம்மதியாக இருந்தோம். இரண்டாம் பாதியில் எங்கள் தாக்குதல் மொத்தமாகப் படுத்துவிட்டது. 17-15 ஆனது. அந்த டச்டவுனுக்குப் பிறகு மிச்சிகன் கூடுதலாக இரண்டு புள்ளி எடுத்துச் சமன் செய்ய முயன்றபோது வந்த சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர் என் காதுக்குள் கத்தியதே கேட்கவில்லை. அவர்களுக்கு அது பலிக்கவில்லை. கடைசி நிமிடங்களில் நிக்கோ ரடிச்சிச் ஒரு ஃபீல்ட் கோல் உதைத்தார், 20-15. முன்பிருந்த இண்டியானா இந்த மாதிரி ஆட்டத்தைக் கண்ணெதிரே கோட்டைவிடும்.

கவலையே இல்லையா என்றால், இருக்கிறது. மிச்சிகன் முன்வரிசை இரண்டாம் பாதியில் ரோர்க்கை மூச்சுவிட விடவில்லை. ஒஹாயோ ஸ்டேட்டின் முன்வரிசை அதைவிடப் பலமானது. தரவரிசையில் இருக்கும் அணி ஒன்றைக்கூட நாங்கள் இன்னும் வெல்லவில்லை என்கிறார்கள், அதுவும் உண்மை. அட்டவணையை நாங்களா போட்டோம்? எதிரே வந்தவரை அடித்தோம், அதுவும் நன்றாகவே அடித்தோம். ஒஹாயோ ஸ்டேட்டை நாங்கள் கடைசியாக வென்றது 1988-இல். அங்கே போய் வென்றது 1987-இல். இப்போது ஆடுகிற பையன்கள் யாருமே அப்போது பிறந்திருக்கவில்லை, அந்தப் பயம் அவர்களுக்கு எதற்கு?

இந்த வருடம் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் பன்னிரண்டு அணிக்கு விரிந்திருக்கிறது. ஐந்து இடம் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு, ஏழு இடம் மற்றவர்களுக்கு. அதனால் கொலம்பஸில் கௌரவமாகத் தோற்று, நவம்பர் 30 அன்று இதே மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தை வீழ்த்தினால்கூட 11-1. அந்தக் கணக்கோடு எங்களை ஒதுக்குவது தேர்வுக் குழுவுக்குக் கஷ்டம். ஐந்து முதல் எட்டு வரை இடம் கிடைத்தால் முதல் சுற்று இங்கேயே நடக்கும். டிசம்பர் குளிரில், இதே ஸ்டேடியத்தில். அட, சொல்லும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

பர்டூவைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. இந்த வருடம் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. ஆனால் 1925-லிருந்து இரண்டு கல்லூரியும் சண்டை போடுகிற கோப்பையான அந்தப் பழைய ஓக் மரவாளி மூன்று வருடமாக அவர்களிடம்தான் இருக்கிறது. அது இங்கே வந்தாக வேண்டும்.

கொலம்பஸ் ஆட்டம் நண்பகல் பன்னிரண்டுக்கு. என் கணிப்பு 27-24, எங்களுக்கு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், ஆட்டம் முடிந்த அன்றைக்கு ராத்திரியே அடுத்த வீடியோ வரும்.