வீட்டுக்கு வீடு வாசற்படி

(இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அட்டனில் நடந்த இலக்கிய மாலையில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, கொஞ்சம் திருத்தி எழுதியது.)

விழாத் தலைவர் அவர்களே, வலயக் கல்விப் பணிப்பாளர் அம்மையார் அவர்களே, வேலைநாளிலும் நேரம் ஒதுக்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்ட முகாமையாளர் ஐயா அவர்களே, ஆலய பரிபாலன சபையினரே, அதிபர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருக்கும் தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம். பிரதேச சபை உறுப்பினர் ஐயா வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். அவருக்கும் இப்போதே ஒரு வணக்கம் வைத்துவிடுகிறேன். பிறகு மறந்துபோனால் மனத்தாங்கல் வரும். மண்டபத்தைத் தந்த அதிபருக்கும், மழையில் ஒலிபெருக்கி கட்டிய தம்பிமாருக்கும் நன்றி. பொன்னாடை போர்த்தினீர்கள், சந்தோஷம். ஆனால் வருஷம் முழுக்க நாம் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்ளும் பொன்னாடைக் காசுக்கு ஒரு தோட்டத்துக்கே தப்பு மேளம் வாங்கிக் கொடுக்கலாம். ஏன் தப்பு மேளம் என்று பிறகு சொல்கிறேன்.

'மனித சமூகங்களும் மாறும் பண்பாடுகளும்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். கலியாணம், சாமி, சாப்பாடு, மேளம் என்று நான்கு பகுதியாகப் பேச எண்ணி வந்தேன்.

வீட்டுக்கு வீடு வாசற்படி. இது என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், வாயில் எந்நேரமும் இருந்த பழமொழி. வாசற்படி இல்லாத வீடு கிடையாது. ஆனால் ஒரு வீட்டுப்படி உயரம், ஒரு வீட்டுப்படி தாழ்வு. பழகாத கால் தடுக்கத்தான் செய்யும்.

இங்கிலாந்தில் எட்வர்ட் டைலர் என்பவர் 1871இல் பண்பாட்டைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். அவர் காலத்து அறிஞர்கள் மனித சமூகங்களையெல்லாம் ஏணிப்படியில் ஏற்றி நிறுத்தினார்கள். மேல்படியில் யார் நின்றார்கள் என்று கேட்க வேண்டுமா? அவர்களேதான்! பிறகு பிரான்ஸ் போவாஸ் என்பவர் வந்தார். 1883இல் கனடாவின் பனிப்பிரதேசத்துக்குப் போய் இனுயிட் மக்களோடு தங்கியவர். ஒவ்வொரு சமூகத்தையும் அதன் சொந்த வரலாற்றை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும், ஏணி எல்லாம் சரிவராது என்று வாதாடினார். நம் அம்மாயிமார் இதற்குப் புத்தகம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

சரி, கலியாணத்துக்கு வருவோம். இந்தச் சின்னத் தீவிலேயே எத்தனை வகை! கண்டிச் சிங்களவரின் கண்டியச் சட்டத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் தீக விவாகம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தால் பின்ன விவாகம். சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணைக் கட்டும் வழக்கமும் கண்டிச் சீமையில் இருந்தது. 1859இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டுத்தான் அதைத் தடுத்தான். யாழ்ப்பாணத்துக்கு 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமைச் சட்டம். அங்கே பெண் சீதனத்தோடு வருவாள். மலையகத்து நமக்கோ மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போடுவது பழைய வழக்கம். வீட்டுக்கு வீடு வாசற்படி.

இந்த இரண்டு படிகளும் மோதிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். என் நண்பரின் மகன் ஆசிரியர். கூடப் படிப்பித்த யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பிள்ளையை விரும்பினான். இரு வீட்டாரும் நல்ல மனிதர்கள், சம்மதித்துவிட்டார்கள். கலியாணத்துக்கு முதல்நாள் இரவு பெண் வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் சேலை, தேங்காய், பழம், வெற்றிலை, பரிசப்பணம் என்று தட்டுகளோடு போய் நின்றார். பெண்ணின் தகப்பனார் காணி உறுதியோடும் வங்கிப் புத்தகத்தோடும் எழுந்து நின்றார். "நாங்கள் தரவேண்டியதெல்லோ?" என்கிறார் அவர். "நாங்கதானேங்க போடணும்?" என்கிறார் இவர். இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், வாங்க ஆளில்லை! இப்படியொரு சண்டையை எந்தக் கலியாண வீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா?

அதைவிடப் பெரிய கூத்து விடியக்காலையில். மாப்பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும்போது தப்பு அடிக்க ஆரம்பித்தார்கள். பெண்ணின் அப்பம்மா, எண்பதைத் தாண்டியவர், வாயில் வைத்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுப் பதறி எழுந்தார். "ஐயோ, ஆர் மோனை செத்தது?" என்றார். லயத்துப் பொடியன், தோட்டத்து வரிசை வீட்டுப் பையன் ஒருவன், "யாரும் சாகல பாட்டி, மாப்பிள்ளை குளிக்கிறாரு" என்றான். கிழவி நம்பவில்லை. தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அழத் தயாராகிவிட்டார். இது தப்படிக்கும் பெரியவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்கு ரோசம். நேரே வந்தார். சருகைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். அப்பம்மா முன்னால் நின்று அடித்துக் காட்டினார். "இது பிரட்டுக்கு, காலையில வேலைக்கு ஆள் கூப்பிட அடிக்கிறது. இது சாமி அழைக்க. இது காமனுக்கு. இது உங்க பேத்தி கலியாணத்துக்கு." கிழவியும் லேசுப்பட்டவர் இல்லை. "அப்ப செத்த வீட்டுக்கு அடிக்கிறது?" என்று கேட்டார். பெரியவர் சொன்னார்: "அதை இன்னிக்கு அடிக்கக் கூடாது பாட்டி. அடிக்கிற அன்னிக்கு உங்களுக்குக் கேக்காது."

கூட்டத்தில் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அந்த அப்பம்மாதான். மடியிலிருந்து காசை எடுத்துத் தன் கையாலேயே அவருக்குக் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்தில் பறைச் சத்தம் பெரும்பாலும் சாவீட்டோடு ஒட்டிக்கொண்டது. இங்கே அதே தோலுக்குத் தோட்டம் வேறு வேலை கொடுத்தது. இருட்டோடு ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு வரவைக்க வேண்டியிருந்தது. பிறப்பு, சடங்கு, திருவிழா, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து எல்லாவற்றிலும் நின்று நிலைத்தது. பண்பாடு மாறுவது இப்படித்தான். புது இடத்தில் அதற்கு என்ன வேலை கிடைக்கிறது என்று பாருங்கள். சாமியிலும் இதே கதைதான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும், அதாவது கிளை நறுக்கும், மலைக்கு ஒரு கவ்வாத்துசாமி. தேயிலை ஆலையில் ரோதை, அதாவது சக்கரம், சுற்றத் தொடங்கியதும் ரோதைமுனி. தென்னாட்டுக் கிராமத்தில் ரோதைமுனிக்கு என்ன வேலை?

கடல் தாண்டிப் போன மற்றவர்களைப் பாருங்கள். மொரீஷியஸில் காவடிக்கு அரசாங்க விடுமுறை, ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து. வீட்டிலோ கிரியோல் பேச்சு. ரியூனியனில் தமிழ்ப் பெயர் இருக்கிறது, கோயில் இருக்கிறது, பேச்சு போய்விட்டது. அவர்கள் தனித்தனி ஆளாக ஒப்பந்தத்தில் கப்பலேறியவர்கள். நம்மவர்களை ஆள் திரட்டும் கங்காணி குடும்பம் குடும்பமாக, சொந்தம் சொந்தமாகக் கூட்டிவந்தார். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் சித்தப்பா, எதிர்க் காம்பராவில் மாமன். ஊரும் கிட்டத்தில்தான். பேச்சும் பாட்டும் தங்கியதற்கு அதுவே காரணம். கூடவே சாதியும் தங்கிவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு நம்மவரில் 5,25,000 பேரை இந்தியாவுக்குப் பங்கு பிரித்தார்கள். நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தவர்களை அங்கே சிலோன்காரர் என்கிறார்கள். இங்கே இருந்த நம்மை இந்தியாக்காரர் என்றார்கள்!

சாப்பாட்டைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ரொட்டியும் சம்பலும் எங்கும் போகாது, அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் வந்த காரியம் இந்தத் தப்பு மேளம்தான். இன்று கலியாணத்துக்கு டிஜே வந்துவிட்டது. வரட்டும், எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் தப்படிப்பவர் பிள்ளை தப்பைத் தொட மறுக்கிறான். ஏன் என்று கேட்டோமா? அடிக்கிறவரை இஸ்தோப்போடு, வெளித் திண்ணையோடு நிறுத்திவிட்டு, சத்தத்தை மட்டும் வீட்டுக்குள் கூப்பிடுகிறோம். வாசலில் நிற்கவைத்தே சோறு போடுகிறோம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லவே கூசுகிறான். வீட்டுக்கு வீடு வாசற்படி என்று இதற்கும் சமாதானம் சொன்னால் என் அம்மாயியே எழுந்துவந்து என்னை அடிப்பார்.

பாடசாலையில் சங்கீதம் இருக்கிறது, பரதநாட்டியம் இருக்கிறது. நல்லது. தப்பு ஏன் இல்லை? பணிப்பாளர் அம்மையார் இங்கே இருப்பதால் நேரடியாகவே கேட்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். அடிக்கத் தெரிந்த பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஐயா என்று கூப்பிட்டு, மாதம் மாதம் சம்பளம் கொடுத்துக் கற்பிக்கச் சொல்லுங்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும், பெண் பிள்ளைகளும் படிக்கட்டும். முகாமையாளர் ஐயா தோலுக்கும் கட்டைக்கும் உதவுவதாக வாசலில் வைத்து என்னிடம் சொன்னார். சபையில் சொல்லிவிட்டேன் ஐயா, இனி நீங்கள் மாற முடியாது.

மாசி மாதம் காமனுக்குக் கம்பம் ஊன்றும் முன்னே முதல் வகுப்பு தொடங்க வேண்டும். பெயர் எழுதும் கொப்பி அதிபரின் மேசையில் இருக்கிறது. பொகவந்தலாவைப் பக்கத்துக்கு ஏழு மணி பஸ்ஸை விட்டால் வேறு இல்லையாம். அந்தப் பக்கத்தார் முதலில் எழுதிவிட்டுப் போங்கள்.