வாயுள்ள பிள்ளையும் சூசோ நூடுல்ஸ் கடையும்

(வானொலி நேயர்கள் கூடிய மாலை நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, தன் மகள் வீட்டு விசேஷத்தையும் விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு ஏழாம் வகுப்பில் பூகோளம் நடத்திய, இன்றும் என் உச்சரிப்பைத் திருத்தக் காத்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த நூலகர் அம்மா அவர்களே, நேயர் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. வெயில் காலத்தில் அதைப் போர்த்திக்கொண்டே பேசச் சொல்லாததற்கு இன்னொரு நன்றி.

சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963 ஆகஸ்டில் தொடங்கியது. நம்மில் பாதிப்பேர் சிற்றலைப் பெட்டியின் திருகைத் திருகித் திருகி வளர்ந்தவர்கள். சீனத்துப் பெண்கள் கலையரசி என்றும் கலைமகள் என்றும் பெயர் வைத்துக்கொண்டு நம் கடிதங்களைப் படித்தார்களே, அந்தக் குரல்களின் ஊரை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். ஷாங்காய், சூசோ, ஹாங்சோ, கடைசியாகத் தெற்கே சுவான்சோ. பன்னிரண்டு நாள். ரயில், தோட்டம், பட்டு என்று மூன்று விஷயம் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

என் அம்மா அடிக்கடி சொல்லும் பழமொழி, வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அந்தத் தைரியத்தில்தான் விமானம் ஏறினேன். ஷாங்காயில் இறங்கி அரை மணி நேரத்தில் என் வாய் அங்கே செல்லாக் காசு என்று புரிந்துவிட்டது. காசு என்றதும் ஞாபகம் வருகிறது, அதையும் அங்கே அநேகமாக யாரும் எடுப்பதில்லை. இளநீர்க்காரர் மாதிரி தள்ளுவண்டி வைத்திருப்பவர்கூடக் கட்டம் போட்ட அட்டையைத்தான் நீட்டுகிறார். செல்பேசியில் அலிபே என்ற பணம் கட்டும் செயலியைப் போட்டுக்கொண்டு போகாதவன் பாடு திண்டாட்டம்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்க்கு 1,318 கிலோமீட்டர். 2011-இல் திறந்த அந்த அதிவேகப் பாதையில் நாலரை மணி நேரத்தில் வந்துவிடுகிறார்கள். நான் அதில் ஏறியது சூசோ வரைக்கும்தான், அரை மணிப் பயணம். தெர்மாஸைத் திறந்து ரயிலிலேயே இலவசமாகப் பிடித்த வெந்நீரில் தேயிலையைப் போட்டேன். அது ஆறுவதற்குள் ஊர் வந்துவிட்டது.

சூசோவின் தோட்டங்கள் 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. பதினாறாம் நூற்றாண்டில் பதவியை விட்டு வந்த ஓர் அதிகாரி போட்ட தோட்டத்துக்கு 'எளிய அதிகாரியின் தோட்டம்' என்று பெயர். பரப்பளவு ஐந்து ஹெக்டேருக்குக் குறையாது. எளிமை! நகர்மன்றத் தலைவர் சிரிக்கிறார், நான் அவரைச் சொல்லவில்லை.

அன்றைக்கு மத்தியானம் லியூயுவான் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நூடுல்ஸ் கடையில் நுழைந்தேன். நான் சைவம். வானொலிப் பாடத்தில் கேட்ட மிச்சத்தை வைத்து, "பு ச்சர் ரோ" என்றேன். இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். கடைக்கார அம்மாள் பலமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். சூசோவில் நூடுல்ஸ் ஒரு கிண்ணத்தில், மேலே போட்டுக்கொள்ள வேண்டியது ஒரு தட்டில் என்று தனித்தனியாக வரும். வந்த தட்டில் இறால்! கையை ஆட்டினேன். அடடா என்று எடுத்துப் போனார். அடுத்து வந்தது பொரித்த மீன். மறுபடியும் ஆட்டினேன். மூன்றாவதாக விலாங்கு. அந்த அம்மாள் மேல் தப்பே இல்லை. ரோ என்றால் அவர்களுக்கு முதலில் பன்றிக்கறிதான். மீனும் இறாலும் அந்தச் சொல்லுக்குள் வராது. நான் இறைச்சி வேண்டாம் என்றேன், அவர் இறைச்சி வைக்கவில்லை. வழக்கு முடிந்தது!

அதற்குள் கடையே என்னைச் சுற்றிக் கூடிவிட்டது. ஒரு கல்லூரிப் பெண் செல்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினாள். 'நீங்கள் எந்த மிருகத்துக்கு அஞ்சுகிறீர்கள்?' என்று இருந்தது. கடைக்கார அம்மாள் தட்டே இல்லாமல் வெறும் நூடுல்ஸை வைத்தார். அப்பாடா என்று குச்சியை எடுக்கிறேன், மூலை மேசையிலிருந்து ஒரு தாத்தா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கிண்ணத்துச் சாற்றைக் காட்டித் தன் முழங்கால் எலும்பைத் தட்டிக் காட்டினார். எலும்புச் சாறு! அப்புறம் இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடி, "அமிதோஃபோ" என்றார். நம் அமிதாப புத்தர். நானும் கைகூப்பித் தலையாட்டினேன். கடை முழுக்க ஒரே குரலில், "ஸூ! ஸூ!" என்று கத்தினார்கள். சைவம் என்பதற்கு அவ்வளவுதான் சொல், ஓர் எழுத்து! தெருநாயை 'சூ' என்று விரட்டுவோமே, அந்த வேகத்தில் குரல் மேலேயிருந்து கீழே விழ வேண்டும். தாத்தா என் கையை விடாமல் தெருவைக் கடந்து சீயுவான் கோயிலுக்குக் கூட்டிப் போய், அங்கே காளான் போட்ட நூடுல்ஸ் வாங்கித் தந்தார். காசைக் கொடுக்கவிடவில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வாயில் அந்த ஊர்ச் சொல் ஒன்றாவது இருக்க வேண்டாமா?

ஹாங்சோவில் மேற்கு ஏரி. கரையிலிருந்த லெய்ஃபெங் என்ற புத்தர் கோபுரம் 1924-இல் சரிந்து, 2002-இல் திரும்ப எழுந்தது. இப்போது எஸ்கலேட்டரில் ஏறலாம். புண்ணியம் எஸ்கலேட்டரில் போனால் பாதிதான் கிடைக்கும் என்று என் மனைவி கருதுகிறாள்.

பழைய துறைமுகமான சுவான்சோவும் நான் போனதற்கு ஒரு காரணம். அங்கே 1281-இல், சக ஆண்டு 1203 சித்திரையில், சம்பந்தப் பெருமாள் என்பவர் செகசை கானின் ஆணைப்படி, அவர் உடல்நலத்துக்காக, சிவனை எழுந்தருளச் செய்ததாகத் தமிழில் கல்வெட்டு இருக்கிறது. அதே கல்லில் சீன எழுத்தும் உண்டு. மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் சீனத்தை ஆண்ட காலம். அந்தக் கோயில் இன்று இல்லை. அதன் தூண்கள் என்று கருதப்படும் இரண்டு, கைய்யுவான் புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்னால் நிற்கின்றன. நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய தூண்கள். நான் அவற்றைத் தொடாமல் கைகட்டி நின்றேன். பக்கத்தில் நின்ற சீனக் குடும்பத்துக்கு, இது எங்கள் ஊர்க் கதை என்று சொல்ல ஆசை. வாய் வரவில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் துறைமுகத்தில் கப்பல் விட்ட நம் செட்டிக்கு என்ன மொழிபெயர்ப்புக் கருவி இருந்தது? இரண்டு மொழியும் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்ததால்தானே ஒரே கல்லில் இரண்டு எழுத்து விழுந்தது!

ஆகவே நூலகர் அம்மாவிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். நம் நூலகத்தில் வாரம் ஒருமுறை சீனம் கற்கும் வகுப்பு வேண்டும். இங்கிலீஷ் வழியாக அல்ல, நேரே தமிழில். ஆறு மாதமாக மூன்று மனு கொடுத்திருக்கிறேன், அவர் பொறுமையாகச் சிரிக்கிறார். முப்பது பெயர் சேர்ந்தால் மேலிடத்தில் பேசுகிறேன் என்றிருக்கிறார். இருபத்திரண்டு சேர்ந்துவிட்டது. வாயுள்ள பிள்ளைகள் இன்னும் எட்டுப்பேர் இந்தக் கூட்டத்தில் இல்லாமலா போவார்கள்?

பட்டைப் பற்றிச் சொல்லவேயில்லை, அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசல் மேசையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது, பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன். முதல் பாடத்தை இப்போதே சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். எல்லோரும் ஒருமுறை, மேலேயிருந்து கீழே: ஸூ! தலைமையாசிரியர் ஐயா மட்டும் சொல்லவில்லை. ஐயா, உங்கள் பெயரை நானே எழுதிவிட்டேன்.